அட்டையில் நாலு பேர், வீட்டில் ஆறு பேர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும். பாவு ஈரம் பிடித்து இழை அறுகும். தறி நின்றால் கூலியும் நிற்கும். அந்த வாரத்தில் வீட்டில் அரிசி இருந்தால் எப்படியோ சமாளித்துவிடலாம். இல்லாவிட்டால் மாஸ்டர் வீவர் வீட்டு வாசலில் போய் நின்று மறுபடியும் முன்பணம் கேட்க வேண்டும். பழைய முன்பணமே தீராத வீட்டில் புது முன்பணமும் ஏறினால், அந்தத் தறி யாருக்காக ஓடுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் வாலாஜாபாத் பக்கத்து ஊர் ஒன்றின் சேரியிலிருந்து ஓர் அக்கா மனு எழுதிக்கொள்ள வந்தார். கூலி நெசவாளர். முன்பணம் தொடர்பாக ஏதோ எழுதச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ரேஷன்ல வர்ற அரிசி இருபது நாளைக்குக்கூடத் தாங்கல தம்பி. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார்.

"வீட்டில் எத்தனை பேர் அக்கா?"

"ஆறு பேரு. நானு, எங்க வீட்டுக்காரர், மாமியார், பையன், மருமக, பேரப் பையன். மருமக இப்ப முழுகாம இருக்கா."

குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் நாலு பேர்தான் இருந்தார்கள். மருமகளின் பெயர் இன்னும் செய்யாறு பக்கத்தில் அவளுடைய அம்மா வீட்டு அட்டையில் இருந்தது. மூன்று வயதுப் பேரன் எந்த அட்டையிலும் இல்லை. "எங்க பேருக்கு வர்றது அவ்ளோதான்னு விட்டுட்டோம்" என்றார் அக்கா.

அவ்வளவுதான் என்று விட்டுவிட்ட வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். உணவு நமக்குச் சட்டப்படி வந்து சேர வேண்டிய உரிமை. ஆனால் அது ஒரே வாசலில் கிடைப்பதில்லை. ரேஷன் கடை, அங்கன்வாடி, பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம் என்று நாலைந்து வாசல்களில் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த குடும்பம் முழுதாக வாங்கும். தெரியாத குடும்பம் பாதியோடு திரும்பும். அந்த மீதிப் பாதிக்காகக் கடன் வாங்கும்.

முதலில் அட்டையைப் படியுங்கள்

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்குமானது. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று மக்களைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதிலிருந்து அட்டைகள் வகை பிரிந்தன. உங்கள் ஸ்மார்ட் கார்டில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பிஎச்எச் என்றிருந்தால் அது முன்னுரிமைக் குடும்பம். ஆளுக்கு மாதம் 5 கிலோ என்பது சட்டம். பிஎச்எச்-ஏஏஒய் என்றிருந்தால் அந்தியோதயா அட்டை. பரம ஏழைக் குடும்பங்களுக்கானது. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ. என்பிஎச்எச் என்றிருந்தால் முன்னுரிமை இல்லாத குடும்பம். மாநில அரசு தன் செலவில் அரிசி தருகிறது. ஆனால் உச்ச வரம்பு 20 கிலோ. என்பிஎச்எச்-எஸ் என்பது அரிசிக்குப் பதிலாகச் சர்க்கரை கூடுதலாகப் பெறும் அட்டை. என்பிஎச்எச்-என்சி என்பது எந்தப் பொருளும் வாங்காத அட்டை.

அக்காவின் அட்டை என்பிஎச்எச். ஆறு பேருக்கும் 20 கிலோதான். அதே குடும்பம் ஆறு பெயரோடு முன்னுரிமைப் பட்டியலில் இருந்தால் 30 கிலோ. மாதம் 10 கிலோ வித்தியாசம். வருஷத்துக்கு 120 கிலோ. மழைக்காலத்தில் தறி நிற்கும் நாட்களில் இந்த வித்தியாசம்தான் முன்பணத்தைத் தடுக்கும்.

கூலி நெசவாளர் வீடு எப்படி முன்னுரிமை இல்லாத குடும்பமானது என்று கேட்பீர்கள். முன்னுரிமைப் பட்டியலுக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிராமப்புற மக்களில் 62.55 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 37.79 விழுக்காடு. இந்தக் கணக்கு 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளும் பிரிந்த குடும்பங்களும் அந்த எண்ணிக்கைக்குள் இல்லை. ஆகவே இறந்தவர், வசதியானவர் பெயர் நீங்கும்போது உண்டாகும் இடத்தில்தான் புதிதாக ஒருவர் சேர முடியும். கேட்டவர் மனு வட்ட வழங்கல் அலுவலரிடம் இருக்கும். கேட்காதவர் மனு எங்கே இருக்கும்? கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டு உட்காராமல் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

அந்தியோதயா அட்டை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உணவு உரிமை வழக்கில் 2003 மே 2-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஆதரவற்ற முதியோர், மாற்றுத்திறனாளிகள், துணையில்லாத விதவைகள், தனித்து வாழும் பெண்கள் போன்றோரை இந்தத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னது. நம் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்து, அவருடைய அட்டை என்பிஎச்எச் என்றிருந்தால், அவருக்காக மனு எழுத வேண்டியது படித்த நம் பிள்ளைகளின் வேலை.

பெயர் சேர்ப்பதும் பிரிப்பதும்

கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கினால்தான் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். இரண்டையும் உணவுத் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம். குழந்தைக்குப் பிறப்புச் சான்றும் ஆதாரும் எடுத்து வையுங்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் குழந்தையின் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். இறந்தவர் பெயரை நீங்களே நீக்கிவிடுங்கள். வைத்திருந்தால் லாபம் என்று நினைக்க வேண்டாம். தணிக்கையில் தெரியவந்தால் அட்டைக்கே சிக்கல்.

ஒரே கூரையின் கீழ் அண்ணன், தம்பி இருவருக்கும் அடுப்பு தனித்தனி என்றால் அட்டையும் தனித்தனியாக வாங்கலாம். ஒரே அட்டையில் இருந்தால் பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர்தான். இரண்டு அட்டையானால் இரண்டு பங்கு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். 2023 செப்டம்பர் 15-ல் நம் காஞ்சிபுரத்தில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரே அட்டையில் இருக்கும் இரண்டு மருமகள்களில் ஒருத்திக்கு விண்ணப்பிக்கும் வழியே இல்லாமல் போகிறது. ஆனால் அடுப்பு உண்மையிலேயே தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பொய் சொல்லி வாங்கும் அட்டை நிலைக்காது.

இன்னொன்று. பதினெட்டு வயது நிறைந்த பெண்களில் மூத்தவரே குடும்பத் தலைவர் என்கிறது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு. குடிக்கிற கணவன் அட்டையைக் கொண்டுபோய் எங்கேயாவது கொடுத்துவிடும் வீடுகளில் இந்தப் பிரிவு ஒரு பெரிய பிடிமானம். அட்டையை அடகு வைக்காதீர்கள். கடனுக்கு ஈடாக யாரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

கடையில் கேட்க வேண்டியவை

துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. கிலோ 25 ரூபாய், அந்தியோதயா அட்டைக்கு 13 ரூபாய் 50 காசு. இருப்பைப் பொறுத்துக் கோதுமை. வெளிக்கடையில் பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு, "பருப்பு அடுத்த வாரம்" என்றதும் திரும்பி வந்து, அடுத்த வாரம் நெசவை விட்டுப் போக முடியாமல் மாதம் முடிந்துவிடும் வீடுகள் உண்டு. பருப்புதான் நம் வீட்டுப் பிள்ளைகளின் புரதம். அதை விடாதீர்கள்.

பில் கேளுங்கள். பதிவு செய்த செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் அதை அழிக்காதீர்கள். அதுவே சாட்சி. பதிவான எண் பழைய எண்ணாக இருந்தால் உடனே மாற்றுங்கள். பலருடைய அட்டையில் எப்போதோ தொலைந்த சிம்மின் எண்தான் இருக்கிறது. வெளிக்கடைச் சாமான்களான சோப்பு, டீத்தூள் வாங்கினால்தான் அரிசி என்று யாராவது சொன்னால், வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கைரேகை விழவில்லை என்பது நம் ஆட்களுக்கு வரும் தனித் தொல்லை. தறியிலும் செங்கல் சூளையிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே நிற்கும்? பல கடைகளில் கருவிழிப் பதிவுக் கருவி வந்திருக்கிறது. அட்டையில் உள்ள வேறொருவர் வந்தும் வாங்கலாம். கடைக்கு வர முடியாத முதியோர், நோயாளிகள் தமக்குப் பதிலாக வேறொருவரை அங்கீகரிக்க ஒரு படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோர், மாற்றுத்திறனாளிகள் துணையின்றி இருக்கும் வீடுகளுக்கு வாசலிலேயே பொருளைக் கொண்டுவந்து தருகிறது.

இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்ற காரணத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் அந்த வீட்டின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. அடுத்த மாதமே மத்திய உணவுத் துறை, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கட்டட வேலைக்கும் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள், ஊருக்குத் திரும்பும் வரை ரேஷனை இழக்க வேண்டியதில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கைரேகை வைத்து, வேலை செய்யும் இடத்துக்கு அருகிலுள்ள கடையிலேயே வாங்கலாம்.

கடைக்கு வெளியே உள்ள வாசல்கள்

அக்காவின் மருமகள் கர்ப்பிணி. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இன்னும் பதியவில்லை. "மூணு மாசம் ஆவட்டும்னு இருந்தோம்" என்றார் அக்கா. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் அதில் இருக்கும். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பிக்மி எண் வாங்குவதுதான் முதல் படி. மூன்று மாதம் வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை மற்றவர்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். செவிலியரிடம் வேண்டாம்.

அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கும் சத்துமாவு தருகிறார்கள். அந்த மாவை வீட்டில் எல்லோருமாகப் பங்கு போட்டுவிடுவது வழக்கம். அது தாய்க்கும் குழந்தைக்கும் அளந்து கொடுப்பது. அவர்களுக்கே போகட்டும். மூன்று வயதுப் பேரனை அங்கன்வாடிக்கு அனுப்பினால் மதியம் சூடான சோறும் வாரத்தில் மூன்று நாள் முட்டையும் கிடைக்கும். அவனுடைய எடையைப் பார்த்துக் குறிப்பார்கள். எடை குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பள்ளிச் சோற்றின் கதை தமிழ்நாட்டுக்குப் பெருமை. 1956-ல் காமராசர் மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, பிறகு பள்ளி நாள்தோறும் முட்டை. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவு தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், அதன்பின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைக்குக் காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பாடு. "நம்ம பிள்ளை ஏன் அங்க சாப்பிடணும்" என்று கௌரவம் பார்த்து டிபன் பாக்ஸில் பழையதைக் கட்டி அனுப்பும் வீடுகளும் நம்மிடம் உண்டு. அந்தச் சோறு மக்கள் வரிப்பணம். அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

வீட்டில் யாருக்காவது காசநோய் சிகிச்சை நடந்தால், மருந்தோடு சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். முன்பு 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரில் இரட்டிப்பானது. இதை நம் தெருக்களில் பலர் கேட்பதே இல்லை. நோயைச் சொல்லக் கூச்சம். கூச்சத்தின் விலை மாதம் ஆயிரம்.

சாதி எங்கே நுழைகிறது

இவ்வளவும் தெரிந்து போனாலும் வாசலில் சாதி நிற்கலாம். சுகதேவ் தோரட், ஜோயல் லீ இருவரும் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களின் ஆய்வை வைத்து 2005-ல் எழுதினார்கள். ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் எந்தத் தெருவில் இருக்கின்றன, அளவில் எப்படிக் குறைக்கிறார்கள், தொடாமல் எப்படிக் கையில் போடுகிறார்கள், தலித் பெண் சமையலர் என்றால் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் எழுதினார்கள். நம்மவர்களுக்கு அதில் புதுச் செய்தி ஏதும் இல்லை. ஆனால் நாம் திண்ணையில் பேசியது அச்சில் ஆவணமானது.

கடை ஊருக்குள் இருக்கிறது, சேரி தள்ளி இருக்கிறது. மழையில் சேறு மிதித்து, கடைக்கு முன்னால் ஒதுங்கி நின்று, "உங்க தெருவுக்கு நாளைக்கு" என்ற பதிலோடு திரும்புவது வெறும் நடை அல்ல. ஒரு நாள் கூலி. கடை தொலைவாக இருந்தால் பகுதி நேரக் கடை கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை நடக்கும். கூட்டமாகப் போய்த் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரல் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம், பள்ளிச் சத்துணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். அவரை வேறு பள்ளிக்கு மாற்றிய ஆணை, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஒரு பெண் தன் கரண்டியை விட்டுக்கொடுக்காமல் நின்றதால் நடந்தது அது.

ரேஷன் கடையில் சாதி பார்த்து ஒதுக்கினால் 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566.

மறுத்தால் எங்கே போவது

முதலில் 1967 என்ற எண். அல்லது 1800 425 5901. இரண்டும் இலவசம். ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொல்லி இந்த ஊரில் பிறந்த அண்ணா ஆட்சியைப் பிடித்த வருஷமும் 1967 என்பதால் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த எண் மறக்காது.

அடுத்து, மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம். காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்று நம் மாவட்டத்தின் ஐந்து வட்டங்களிலும் நடக்கும். பெயர் சேர்த்தல், நீக்கல், செல்போன் எண் மாற்றம் எல்லாம் அங்கே கேட்கலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம்.

அங்கும் நடக்கவில்லை என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி எழுதுங்கள். மாவட்டத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர் வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. அதற்கு மேல் மாநில உணவு ஆணையம், 16-வது பிரிவு. உரிய தானியம் தராவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்கிறது 8-வது பிரிவு. கடையைக் கண்காணிக்கும் குழுக்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு உரிய இடம் வேண்டும் என்கிறது 29-வது பிரிவு. உங்கள் ஊர்க் கண்காணிப்புக் குழுவில் நம் தெருவிலிருந்து யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு கல்லூரி மாணவர் கேட்டாலே போதும். பாதி வேலை நடக்கும்.

வந்த அரிசியை வீணாக்காமல்

சோறு வடிக்கும்போது அரிசியில் சில மணிகள் மிதக்கின்றன, பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அரிசி மாவில் செய்த மணிகளை, நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். பொறுக்கி எறியாதீர்கள். ரத்தசோகை மிகுந்த நம் பெண்களுக்கு அது வேண்டியது. தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசியை நாலைந்து தண்ணீர் கழுவ வேண்டாம். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். உப்புப் போட்டுக் குடித்தால் அதுவும் உணவுதான்.

அவசரத்துக்கு நாலு காசு கிடைக்கிறதே என்று ரேஷன் அரிசியை மூட்டைக்காரரிடம் விற்கிறோம். அது குற்றம் என்பது ஒரு பக்கம். பத்து கிலோவை விற்ற காசில் வெளிக்கடையில் இரண்டு கிலோகூட வாங்க முடியாது என்பது இன்னொரு பக்கம். அரிசி மிஞ்சினால் இட்லிக்கு ஊறப் போடுங்கள், மழைக்காலத்துக்கு மூடி வையுங்கள். அரிசியைக் கைக்காசாக்கிய வீடுதான் ஐப்பசியில் முன்பணத்துக்கு நிற்கிறது.

முன்பணம் பெரியவர்களோடு நிற்பதில்லை என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். பட்டுத் தறியில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அப்பா வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலும் நம் பிள்ளைகளும் இஸ்லாமியர் பிள்ளைகளும். ரேஷன் அரிசியும் பள்ளிச் சோறும் வயிற்றுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளை தறிக்குப் போகாமல் பள்ளிக்குப் போவதற்கு அவைதான் அடித்தளம்.

காஞ்சிக்குச் சோற்றுக் கதை ஒன்று உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், மழை பொய்த்துப் பசியால் வாடிய இந்தக் கச்சி நகருக்கு அமுதசுரபியோடு வருகிறாள் மணிமேகலை. வந்தவரெல்லாம் உண்கிறார்கள். யார், எந்தக் குலம் என்று அந்தப் பாத்திரம் கேட்கவில்லை. பௌத்தம் பசியை முதல் நோயாகப் பார்த்தது. இன்றைக்கு நம் கையில் அந்தப் பாத்திரம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் அட்டையும் ஒரு சட்டமும் இருக்கின்றன. அவை தாமாகச் சுரப்பதில்லை. எழுதிக் கேட்டால்தான் சுரக்கும்.

அக்கா வீட்டு அட்டையில் இப்போது ஆறு பெயர் இருக்கிறது. மருமகள் செவிலியரிடம் பதிந்து முதல் பெட்டகத்தை வாங்கிவிட்டாள். பேரன் அங்கன்வாடிக்குப் போகிறான். முன்னுரிமைப் பட்டியலுக்குக் கொடுத்த மனு இன்னும் வட்ட அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டை அக்கா தன் சுருக்குப் பையில் வைத்திருக்கிறார். இரண்டாவது சனிக்கிழமை தவறாமல் போய்க் கேட்டுவிட்டு வருகிறார். போன முறை தனியாகப் போகவில்லை. அதே தெருவிலிருந்து இன்னும் ஏழு பேர், அவரவர் அட்டையை எடுத்துக்கொண்டு கூடப் போனார்கள்.

இன்றைக்கு இரவு உங்கள் வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டையில் எத்தனை பேர், அடுப்படியில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால், அடுத்த இரண்டாவது சனிக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கிறது.